வால் நட்சத்திரம் கண்ட கரோலின் அம்மா

நான் எழுதுவது கரோலின் ஹெர்ஷல் என்ற அம்மாவைப் பற்றி. 1750-ல் ஜெர்மனியில் ஹனோவர் ஊரில் பிறந்தவர். பத்து வயதில் வந்த விஷக்காய்ச்சலால் வளர்த்தியே நின்றுபோச்சு. நாலேகால் அடிதான் உயரம். இவளுக்குக் கல்யாணம் ஆகாது என்று அப்பா சொல்லிவிட்டார். வீட்டு வேலைக்கே இருக்கட்டும் என்று அம்மா முடிவு செய்துவிட்டார். 22 வயதில் அண்ணன் வில்லியம் இங்கிலாந்துக்குக் கூட்டிப்போனார். அதுக்கும், இவருக்குப் பதிலாக வேலைக்காரி வைத்துக்கொள்ள அண்ணன் பணம் கொடுக்க வேண்டியிருந்ததாம்!

அண்ணன் தொலைநோக்கிக் கண்ணாடி தேய்க்கும்போது 16 மணி நேரம் கையை எடுக்க முடியாது. இவர்தான் வாயில் ஊட்டிவிடுவார். ராத்திரியெல்லாம் குளிரில் உட்கார்ந்து அண்ணன் வானத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்ல எழுதுவார். 1783 டிசம்பர் 31 அன்று பனியில் ஓடி விழுந்து, இரும்புக் கொக்கி காலில் ஏறி சதையே பிய்ந்துவிட்டது. மீதி ராத்திரி மேகம் மூடியதால் அண்ணன் வேலை கெடவில்லை என்றுதான் ஆறுதல் பட்டிருக்கிறார். எனக்குக் கோபமே வந்துச்சு.

1786-ல் அண்ணன் ஊரில் இல்லாதபோது, தானே ஒரு வால் நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். மொத்தம் எட்டு கண்டார். அடுத்த வருஷம் ராஜா இவருக்கு வருஷத்துக்கு 50 பவுண்டு சம்பளம் போட்டார். தன் இஷ்டத்துக்குச் செலவு பண்ண சொந்தக் காசு கிடைத்தது 37 வயதில்தான். இந்த இடத்தை ரெண்டு தரம் படித்தேன்.

97 வயது வரை இருந்து 1848-ல் காலமானார். 1788-ல் அவர் கண்ட வால் நட்சத்திரம் 1939-ல் திரும்ப வந்தது. கண்டது யாரென்று அதுக்குத் தெரியாது. அடுத்து 2092 வாக்கில் வரும். தொலைநோக்கி இருந்தால் நம்ம பேத்திமார் பார்க்கலாம்.