இந்தியன் வங்கிக்கு விதை போட்ட வக்கீல்



நசரத்பேட்டையிலிருந்து குடும்பத்தோடு மெரினாவுக்குப் போகும்போது, சென்னைப் பல்கலைக்கழக செனட் ஹவுஸ் முன்னால் ஒரு சிலை இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? அவர்தான் வி. கிருஷ்ணசுவாமி ஐயர். வங்கிக் கவுன்ட்டரில் முப்பது வருடத்துக்கு மேல் உட்கார்ந்து எழுந்தவன் நான். அவரைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல ஆசை.

1863-ல் திருவிடைமருதூரில் பிறந்தார். சென்னைக்கு வந்து படித்து, ஹைகோர்ட்டில் பெரிய வக்கீலானார். காங்கிரசில் மிதவாதிகள் பக்கம். ஆனாலும், எதிர் அணியில் நின்ற பாரதியாரின் தேசபக்திப் பாடல்களை 1907-ல் அச்சிட்டு இலவசமாகக் கொடுத்தவர்.

1906 அக்டோபர் 22-ல் சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி கையை விரித்தது. வெள்ளைக்காரன் கம்பெனி, அசையாது என்று நம்பி, சிறுகச் சிறுகச் சேர்த்ததைப் போட்டிருந்த ஆயிரக்கணக்கான பேர் தெருவுக்கு வந்தார்கள். லண்டனில் இருந்த கூட்டாளி ஊக வியாபாரத்தில் பணத்தை விட்டிருந்தார். இங்கே முதலாளி சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்கு 18 மாதம் கடுங்காவல்.

பணம் போட்டவர்களுக்காகக் கோர்ட்டில் நின்றவர் கிருஷ்ணசுவாமி ஐயர். வழக்கோடு அவர் நிற்கவில்லை. நம் பணத்துக்கு நம்மவர்களே பொறுப்பேற்கும் வங்கி வேண்டும் என்று அடுத்த மாதமே நண்பர்களைக் கூட்டினார். ராமசாமி செட்டியார் போன்ற நகரத்தார் பிரமுகர்கள் கைகொடுத்தார்கள். 1907 மார்ச்சில் பதிவாகி, ஆகஸ்ட் 15-ல் பாரிமுனையில் இந்தியன் வங்கி திறந்தது. சுதந்திரத்துக்குச் சரியாக 40 வருடம் முன்பு!

1909-ல் ஹைகோர்ட் நீதிபதி. 1911-ல் கவர்னரின் நிர்வாக சபை உறுப்பினர். அதே டிசம்பரில் 48 வயதில் காலமானார். அவர் தொடங்கிய வங்கி 1969-ல் அரசுடைமையாகி இன்றும் நடக்கிறது.

ஏன் இந்தக் கதை? வங்கியில் வேலை பார்த்த நானே தொண்ணூறுகளில் கூடுதல் வட்டிக்கு ஆசைப்பட்டு, ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் போட்டதில் பாதியைக்கூடத் திரும்பப் பார்க்கவில்லை. வீட்டில் சொல்லவே ஒரு வருடம் ஆனது. ஆர்பத்நாட் காலத்தில் டெபாசிட்டுக்கு இன்ஷூரன்ஸ் கிடையாது. இன்று ஒரு வங்கியில் ஒருவருக்கு, வட்டியும் சேர்த்து, ரூ.5 லட்சம் வரை உண்டு. ஆனால் ஃபைனான்ஸ் கம்பெனிக்கும் சீட்டுக்கும் இது பொருந்தாது.

அடுத்த முறை அந்தச் சிலையைத் தாண்டும்போது பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். நம் சங்கத்தின் வைப்புத்தொகை எங்கே இருக்கிறது என்று பொதுக்குழுவில் கேட்கவும் தயங்காதீர்கள்.