விமான வீரர் இந்திரலால் றோய்

முதலாம் உலகப் பெரும்போரிலே பிரித்தானிய விமானப் படையில் நின்று பொருது, 19 வயதிலே வானில் மறைந்தவர் வங்க இளைஞர் இந்திரலால் றோய். அந்நியர் தம் பேரரசுக்காக நடத்திய போரில் மடிந்த ஒருவரை நாம் நினைத்தல் எற்றுக்கு எனப் பெரியோர் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. அவருடைய வாழ்க்கையைச் சொல்லிய பின் அதற்கு வருவோம்.

இந்திரலால் 1898ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 2ஆம் திகதி கல்கத்தாவிற் பிறந்தார். தந்தையார் ஒரு பாரிஸ்டர். தாயார் லலிதா றோய், 1911இல் பெண்களுக்கு வாக்குரிமை வேண்டி இலண்டனில் நடந்த பெரும் ஊர்வலத்தில் இந்தியப் பெண்களைக் கூட்டிச் சென்றவர்களுள் ஒருவர். இளமையிலேயே இலண்டன் சேர்ந்த மைந்தர் அங்கே சென் போல்ஸ் பள்ளிக்கூடத்திற் பயின்றார். அயலார் பள்ளியிற் படிப்பவன் தன் இனத்தை மறந்துவிடுவான் என்றொரு பேச்சு எம்மவரிடையே உண்டு. மிஷன் பள்ளிக்கூடத்திற் படித்த நாமும் அதைக் கேட்டே வளர்ந்தோம். இந்திரலாலின் கல்லறையிலே பொறிக்கப்பட்ட எழுத்து எம்மொழி எழுத்தென்பதை அப்பேச்சுப் பேசுவோர் இறுதியிற் காண்பார்களாக.

பள்ளியை விட்டதும் விமானப் படையிற் சேர விழைந்தார். கண்பார்வை போதாதென்று விலக்கிவிட்டார்கள். அவர் சோர்ந்து வீட்டில் இருந்தாரல்லர். தமது மோட்டார்ச் சைக்கிளை விற்று, அப்பணத்தைக் கொண்டு பெயர்பெற்ற கண் வைத்தியர் ஒருவரிடம் மீண்டும் சோதனை செய்வித்து, தகுதிச் சான்று பெற்று வந்தார் என்பர். 1917 யூலை 5இல் அதிகாரியாக நியமனம் பெற்றார். அக்காலத்தில் இந்தியர் எவர்க்கும் அது எளிதிற் கிட்டும் பதவியன்று. அப்போரில் பிரித்தானிய விமானப் படையில் விமானிகளாகப் பறந்த இந்தியர் நால்வரே. அவருள் இருவர் மாண்டனர்; ஒருவர் சிறைப்பட்டனர். ஹர்தித் சிங் மாலிக் ஒருவரே போர் முடியுமட்டும் பறக்கும் பேறு பெற்றார்.

1917 டிசெம்பர் 6இல் பிரான்சிலே இந்திரலாலின் விமானம் தரையில் மோதியது. உயிர் போயிற்றென எண்ணிப் பிணங்களோடு பிணமாகக் கிடத்திவிட்டார்களாம். நினைவு மீண்ட இளைஞர், தாம் பள்ளியிற் படித்த பிரெஞ்சு மொழியிலே கூவிக் கதவைத் தட்டவும், காவலிருந்தவர் அஞ்சித் திறவாது நின்றார் என்று சொல்லப்படுகிறது. கேட்போர்க்கு நகை வரும்; தட்டியவர்க்கு எப்படி இருந்திருக்கும்! உடல் தேறும் நாட்களில் விமானங்களைச் சித்திரமாக வரைந்து தள்ளினார். அவற்றுட் பல இன்னும் அழியாதிருக்கின்றன. பறப்பதற்குத் தகாதவர் என்று தரையில் வேலை கொடுத்தார்கள். அவரோ ஓயாது மன்றாடி மீண்டும் வானேறினார்.

1918 யூனில் 40ஆம் படைப்பிரிவைச் சேர்ந்தார். அயர்லாந்து வீரர் ஜோர்ஜ் மக்கெல்றோய் அவருக்குத் தலைவரும் ஆசானுமாயினார். ஒருவர் மட்டும் அமரும் எஸ். ஈ. 5ஏ என்னும் விமானத்திற் பறந்து, யூலை 6 தொடக்கம் 19 வரை 10 வெற்றிகளை ஈட்டினார். அவற்றுட் சில தோழரோடு பகிர்ந்தவை. 8ஆம் திகதி மட்டும் நான்கு மணி நேரத்துள் மூன்று! பிரித்தானிய விமானிகளுக்கு அந்நாளிற் பரசூட் கொடுக்கப்படவில்லை என்பதையும் சேர்த்து நினைக்கவேண்டும். விமானம் தீப்பற்றினால் விமானிக்குத் தப்பும் வழி இல்லை. அதை அறிந்தே நாள்தோறும் ஏறினார்கள்.

யூலை 22ஆம் திகதி, கார்வின் என்னும் ஊருக்கு மேலே ஜேர்மனிய பொக்கர் விமானங்களோடு நடந்த சமரில் அவர் வீழ்ந்தார். அந்த முறை கதவைத் தட்ட அவர் எழவில்லை. ஒன்பது நாள் கழிந்து மக்கெல்றோயும் மாண்டார். செப்டெம்பரில், சிறந்த பறத்தற் சேவைக்குரிய சிலுவை விருது இந்திரலாலுக்கு அறிவிக்கப்பட்டது. இந்தியர் ஒருவர் அதைப் பெற்றது அதுவே முதன்முறை.

இனி அப்பெரியோரின் வினா. அவர் பேரரசுக்காகப் போரிட்டார் என்பதை நாம் மறைக்கவில்லை. அப்பேரரசு அவருடைய மக்களைச் சமமாக நடத்தவில்லை என்பதும் மெய்யே. ஆயினும் இந்தியனால் விமானம் ஓட்ட இயலுமா என்று ஐயுற்றோர்க்கு இரண்டே கிழமையில் விடை சொன்னவர் அவர். 1932இல் இந்திய விமானப் படை தொடங்கியபோது முதல் விமானிகளாகச் சேர்ந்தோருள் சுப்ரதோ முக்கர்ஜி ஒருவர். இந்திரலாலுக்கு மருமகன் முறையானவர். 1954இல் அவரே அப்படைக்கு முதல் இந்தியத் தலைவரானார். மாமன் அந்நியர் படையிற் கற்ற வித்தை மருமகன் காலத்திற் சொந்த நாட்டுக்கு ஆயிற்று. இந்திய அரசு 1998இல், அவர் பிறந்த நூற்றாண்டில், அவருக்குத் தபால் முத்திரை வெளியிட்டது. காலந்தாழ்ந்த மரியாதை என்றே நாம் கருதுகிறோம்.

பிரான்சிலே எஸ்தெவேல் என்னும் சிற்றூரின் இடுகாட்டில் அவர் கல்லறை இருக்கிறது. பெருவீரன் உறங்கும் இடம், மதித்து நிற்க, தொடுதல் ஆகாது என்ற பொருள்பட, அதன்மேல் வங்காள எழுத்திலே பொறித்திருக்கிறார்கள்.