பிற்காலத்தாரை வணங்கிய பாண்டியர்



இந்த இதழுக்கு நம் ஊர்ப் பெரியவர் ஒருவரின் வாழ்க்கையை எழுதித் தரும்படி ஆசிரியர் குழுவினர் கேட்டார்கள். வங்கியில் முப்பத்தைந்து வருடம் பேரேட்டோடு காலம் தள்ளியவன் நான். சரித்திரம் முறையாகப் படித்தவன் இல்லை. ஆனாலும் யாரைப் பற்றி எழுதுவது என்று நெடுநேரம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. நம் மொட்டை மாடியில் துணி உலர்த்தப் போகும்போதெல்லாம் கண்ணில் படுகிற பெரிய கோபுரத்துக்கு அடித்தளம் போட்டவர் அரிகேசரி பராக்கிரம பாண்டியர். அவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பாண்டியர் என்றதும் நமக்கு மதுரைதான் நினைவுக்கு வரும். ஆனால் பராக்கிரம பாண்டியர் பட்டத்துக்கு வந்தபோது மதுரை அவர் வம்சத்தின் கையில் இல்லை. 1311-இல் மாலிக் கபூரின் படையெடுப்பு நடந்தது. அதன்பின் மதுரையில் சுல்தான்கள் சில பத்தாண்டுகள் ஆண்டார்கள். பிறகு விஜயநகரத்தார் வந்தார்கள். பாண்டிய வம்சத்தார் தெற்கே நகர்ந்து, கடைசியில் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், சிற்றாற்றங்கரையில் வந்து தங்கினார்கள். தலைநகரை இழந்த ஒரு குடும்பம், கையில் மிச்சமிருந்த சீமையை வைத்துக்கொண்டு மறுபடி கணக்குத் தொடங்கிய காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பராக்கிரம பாண்டியர் 1422-இல் அரசரானார். 1463 வரை ஆண்டார். நாற்பது வருடங்களுக்கு மேற்பட்ட ஆட்சி. மேற்கே சேர நாட்டாரோடு போரிட்டு வென்றதாக அவருடைய மெய்க்கீர்த்தியில் சொல்லப்படுகிறது. ஆனால் ஐந்நூறு வருடங்களுக்குப் பிறகும் நம் ஊரில் அவர் பெயர் நிலைத்திருப்பதற்குக் காரணம் போர் அல்ல, காசி விசுவநாதர் கோயில்.

கோயில் கட்டிய கதையைச் சிறு வயதில் என் ஆச்சி சொல்லக் கேட்டிருக்கிறேன். உங்களில் பலரும் கேட்டிருப்பீர்கள். வடக்கே காசிக்குப் போகிற தெற்கத்தி ஜனங்கள் பலர் வழியிலேயே இறந்துபோகிறார்கள் என்பதால் அவர்களுக்காக இங்கேயே ஒரு காசி அமைக்கும்படி சிவபெருமான் அரசரின் கனவில் வந்து சொன்னாராம். எறும்பு ஊர்ந்து போகிற வழியே போனால் இடம் தெரியும் என்றும் சொன்னாராம். அரசர் அப்படியே போய், சிற்றாற்றங்கரைச் செண்பக வனத்தில் லிங்கத்தைக் கண்டாராம். கனவும் எறும்பும் நம்பிக்கை சார்ந்தவை. ஊருக்குத் தென்காசி என்ற பெயர் நிலைத்ததும் கோயில் எழும்பியதும் சரித்திரம்.

1440-களின் நடுவில் திருப்பணி தொடங்கியது. கருவறை, மண்டபங்கள், மதில் என்று வேலை ஆண்டுக்கணக்கில் நடந்தது. 1457-இல் ராஜகோபுர வேலையைத் தொடங்கினார். அடிப்பகுதி கல்லால் எழுந்தது. ஆனால் கோபுரம் முடிவதைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1463-இல் காலமானார். மிச்ச வேலையைத் தம்பி குலசேகர பாண்டியர் முடித்தார் என்பது வரலாறு.

இதுவரை சொன்னது பல அரசர்களுக்கும் பொருந்தக்கூடிய கதைதான். கோயில் கட்டாத அரசர் யார்? பராக்கிரம பாண்டியரை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டுவது அவர் பெயரில் கோயிலில் வெட்டப்பட்டிருக்கும் தமிழ்ப் பாடல்கள். நூறு வருடங்களுக்கு முன்பு து. அ. கோபிநாத ராவ் இந்தத் தென்காசிப் பாண்டியர் கல்வெட்டுகளைத் திருவிதாங்கூர் தொல்லியல் வரிசையில் பதிப்பித்தார். நம் தாலுகாவின் ஒரு பகுதி அந்தக் காலத்தில் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்தது என்பது மூத்தவர்களுக்குத் தெரியும்.

கோயில் கல்வெட்டுகளில் சாதாரணமாக என்ன இருக்கும்? யார் எவ்வளவு நிலம் விட்டார், எத்தனை ஆடு விட்டார், விளக்குக்கு எவ்வளவு நெய் என்ற கணக்கு இருக்கும். கடைசியில், இந்தத் தர்மத்துக்குக் கேடு செய்பவன் கங்கைக்கரையில் பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்ற சாபம் இருக்கும். பராக்கிரம பாண்டியர் இந்தப் பாடல்களில் வேறு வழி எடுத்தார். தமக்குப் பின்னால் வரப்போகிறவர்களை முன்கூட்டியே வணங்கிவிட்டார்.

பாடல்களின் கருத்தை என் வார்த்தையில் சொல்கிறேன். இந்தக் கோயில் உருவானது தெய்வத்தின் செயல், தம்முடைய செயல் அல்ல என்கிறார். நாளைக்கு ஏதாவது பழுது நேர்ந்து, அதை யார் வந்து சரிசெய்து காப்பாற்றினாலும், அவர் யாராக இருந்தாலும், உலகம் அறிய அவரைத் தாம் வணங்கிவிட்டதாகச் சொல்கிறார். இன்னொரு பாடலில் ஒரு படி மேலே போகிறார். இந்தக் கோயிலை இன்னும் விரிவாக்கி விளங்கச் செய்கிறவர்களின் காலடியில் தாம் நின்று ஏவல் செய்யத் தயார் என்கிறார்.

இதில் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, கட்டியவரைவிடக் காப்பவரை அவர் மேலே வைக்கிறார். நான் படித்த வணிகவியலில் கட்டடம் கட்டுவது மூலதனச் செலவு, பழுது பார்ப்பது நடப்புச் செலவு. மூலதனச் செலவுக்குத்தான் திறப்பு விழாவும் கல்வெட்டும் உண்டு. ஓடு மாற்றியவனுக்கு யாரும் கல்வெட்டு வைப்பதில்லை. பராக்கிரம பாண்டியர் வைத்தார். அதுவும் அவன் பிறப்பதற்கு முன்பே.

இரண்டாவது, யாராக இருந்தாலும் என்று சொன்னது. தன் வம்சம் நிலைக்காது என்பது மதுரையை இழந்த குடும்பத்தில் பிறந்தவருக்குத் தெரியாதா? ஆகவே வாரிசை நம்பாமல், ஊர் பேர் தெரியாத பிற்காலத்தாரை நம்பினார்.

மூன்றாவது, விரிவாக்காதே என்று அவர் சொல்லவில்லை. பழையதைத் தொடாமல் பூட்டி வை என்றும் சொல்லவில்லை. காப்பாற்று, கூடவே வளரவும் விடு என்றார். இன்றைக்குப் பழைய கட்டடங்களைக் காப்பதா, ஊரை வளர்ப்பதா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசுகிறவர்களுக்கு இது உபயோகப்படும்.

அவர் பயந்த பழுது வந்தது. பிற்காலத்தில் கோபுரத்தின் மேல்பகுதி அழிந்தது. இடி விழுந்து தீப்பற்றியது என்பார்கள். என் பால்ய காலத்தில் அதற்கு மொட்டைக் கோபுரம் என்றுதான் பெயர். பிளந்து நின்ற கல் அடித்தளத்தில் செடி முளைத்திருக்கும். சாரல் காலத்தில் அதன் வாசலில் வீசும் காற்றுக்காகவே சாயங்காலம் அங்கே போய் நிற்போம். அது எப்படி இருந்திருக்க வேண்டும் என்று எங்களுக்குக் கற்பனைகூட இல்லை. இடிந்ததைப் பார்த்து வளர்கிறவனுக்கு இடிந்ததுதான் இயல்பு.

பிறகு சிவந்தி ஆதித்தனார் தலைமையில் திருப்பணி நடந்தது. பழைய கல் அடித்தளத்தின் மேலேயே ஒன்பது நிலைக் கோபுரம் எழுந்தது. உயரம் ஏறக்குறைய 180 அடி. 1990 ஜூன் மாதம் குடமுழுக்கு. அப்போது எனக்கு முப்பது வயது இருக்கும். கூட்டத்தில் கோபுரத்தின் பக்கத்தில் போக முடியவில்லை. சன்னதி பஜாரில் ஒரு கடைப் படிக்கட்டில் நின்று பார்த்தேன். என் பக்கத்தில் நின்ற ஒரு வயதான அம்மாள் அழுதுகொண்டிருந்தார். பராக்கிரம பாண்டியர் முன்கூட்டியே வணங்கிவைத்த அந்த யாரோ ஒருவர், பத்திரிகை நடத்துகிறவராக, ஊர் ஜனங்களாக வந்து சேர ஐந்து நூற்றாண்டு ஆனது.

ஆனால் புதுப்பிப்பது என்ற பெயரில் கெடுப்பதும் உண்டு. தமிழ்நாட்டில் பல கோயில்களில் கல்லைச் சுத்தம் செய்வதற்காக மணலை வேகமாகப் பீச்சி அடித்தார்கள். கல் பளிச்சென்று ஆனது, கல்வெட்டு எழுத்து மழுங்கியது. கல்வெட்டு அறிஞர்கள் எதிர்த்த பிறகு அறநிலையத் துறை அந்த முறைக்குத் தடை போட்டது. அப்படி ஒரு வேலை இங்கே நடந்திருந்தால், பழுது பார்க்க வருகிறவரை அரசர் வணங்கிய அந்த எழுத்தையே பழுது பார்க்க வந்தவர் அழித்திருப்பார்.

பக்கத்துக் குற்றாலத்துக்குச் சீசனில் போகிறவர்கள் அருவியில் குளித்துவிட்டு நேரே கடைக்குப் போகாமல் சித்திர சபைக்குள் ஒரு முறை போய் வாருங்கள். நடராஜப் பெருமானின் ஐந்து சபைகளில் ஒன்று அது. சுவர் முழுக்கப் பழைய ஓவியங்கள். சாரல் விடாமல் அடிக்கிற ஊரில் சுவரோவியம் இத்தனை காலம் பிழைத்திருக்கிறது என்றால், மேலே செப்புத் தகடு வேய்ந்த கூரையைத் தலைமுறை தலைமுறையாக யாரோ கவனித்திருக்கிறார்கள். கூரை ஒழுகினால் இரண்டு மழைக்காலம் போதும்.

இனி நம் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். ரத வீதியில் எங்கள் அப்பாவின் வீடு இருந்தது. நாட்டு ஓடு, திண்ணை, முற்றம், தேக்கு உத்திரம். அப்பா போன பிறகு நானும் தம்பியும் அதை விற்றோம். இருவர் பிள்ளைகளுக்கும் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. கரையானும் ஒழுகலும் வேறு. விற்றதில் தவறு என்று இன்றும் சொல்ல மாட்டேன். ஆனால் அதை வாடகைக்கு விட முடியுமா, முன்பகுதியையாவது வைத்துக்கொண்டு பின்னால் மாடி கட்ட முடியுமா என்று ஒரு கொத்தனாரைக்கூட அழைத்துக் கேட்கவில்லை. ஒரு வாரத்தில் முடிவு செய்தோம். நாலு நாளில் இடித்தார்கள். இப்போது அங்கே மூன்று மாடிக் கடை. தென்காசி 2019-இல் தனி மாவட்டமான பிறகு இடத்தின் மதிப்பு ஏறிவிட்டது. வீதியில் அந்த மாதிரி வீடுகளை இப்போது தேடித்தான் பார்க்க வேண்டும்.

அதனால்தான் அடுத்த பொதுக்குழுவின் ஐந்தாவது பொருளைப் பற்றி ஒரு வார்த்தை. நம் வளாகத்தின் கிழக்கு மூலையில், இந்த மனையில் முன்பு இருந்த பழைய வீட்டின் முன்பகுதி மிஞ்சி நிற்கிறது. திண்ணை, நாலு மரத்தூண், ஓட்டுக் கூரை. இப்போது உடைந்த நாற்காலியும் பழைய மோட்டாரும் போட்டு வைத்திருக்கிறோம். அதை இடித்துவிட்டு ஆறு கார் நிறுத்த இடம் எடுக்கலாம் என்பது யோசனை. கார் நிறுத்த இடம் இல்லாத கஷ்டம் உண்மையானது. இரவு பத்து மணிக்கு மேல் வேலையிலிருந்து வருகிறவர்கள் தெருவில் வண்டியை விடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை, என்னிடம் கார் கிடையாது.

என் வேண்டுகோள் இவ்வளவுதான். கை தூக்குவதற்கு முன் ஒவ்வொருவரும் ஒரு முறை அந்தத் திண்ணைக்குப் போய் உட்கார்ந்து பாருங்கள். பழைய சுண்ணாம்புச் சுவரில் வேலை தெரிந்த ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டு, ஓடு மாற்றவும் சுவர் பூசவும் என்ன ஆகும் என்று கேட்போம். சிமென்ட் பூசச் சொல்ல வேண்டாம். சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, சுவர் சீக்கிரம் உதிரும். வடக்குப் பக்கம் பயன்படாமல் கிடக்கும் பழைய தண்ணீர்த் தொட்டியை எடுத்தால் நாலு கார் நிற்கும் என்று நானும் இரண்டு நண்பர்களும் நாடா பிடித்து அளந்து பார்த்திருக்கிறோம். திண்ணையில் பிள்ளைகள் படிக்க இடம் ஆகும், சாயங்காலம் நம் மாதிரி ஆட்கள் செய்தித்தாள் படிக்க ஆகும். எல்லாக் கணக்கையும் பார்த்த பிறகும் இடிக்கத்தான் வேண்டும் என்று பெரும்பான்மையோர் சொன்னால் நானும் கையெழுத்துப் போடுகிறேன். கேட்காமலே முடிவு செய்துவிட்டோம் என்று பிற்பாடு நினைக்கும்படி ஆகிவிடக் கூடாது. அந்த அனுபவம் எனக்கு ஒன்று போதும்.

திண்ணைப் பூட்டின் சாவி காவலரிடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு நான் அங்கே இருப்பேன், துடைப்பமும் ஒரு பிளாஸ்க் காபியும் கொண்டுவருகிறேன். முடிந்தவர்கள் வாருங்கள்.