கவிஞர் கூப்பரும் மூன்று முயல்களும்

கவிதைக்கும் பித்துக்கும் நெருங்கிய உறவுண்டு என்னும் எண்ணம் கவிஞரிடையே நெடுங்காலமாக வழங்கி வருகிறது. மனம் சிதைந்தால்தான் சொல் சிறக்கும் என்று நம்பித் தம் துயரத்துக்கு எருவிட்டு வளர்ப்போரும் உளர். அந்நம்பிக்கையை உரைத்துப் பார்க்கும் கட்டளைக்கல்லாக அமைந்தது, பதினெட்டாம் நூற்றாண்டின் ஆங்கிலக் கவிஞர் வில்லியம் கூப்பரின் வாழ்க்கை.

கூப்பர் 1731ஆம் ஆண்டு இங்கிலாந்திலுள்ள பெர்க்காம்ஸ்டெட் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் அவ்வூர்த் தேவாலயத்தின் குருவானவர். ஆறாம் அகவையில் தாயை இழந்த சிறுவன், விடுதிப் பள்ளியில் மூத்த மாணவன் ஒருவனின் கொடுமைக்கு ஆளானான். பின்னாளில் சட்டம் பயின்று 1754இல் வழக்கறிஞரானபோதும் அத்தொழிலில் அவர் மனம் ஒட்டவில்லை. தியோடோரா என்னும் உறவுப் பெண்மீது கொண்ட காதலும், அவள் தந்தை இசையாமையால் கைகூடவில்லை.

1763இல் பிரபுக்கள் சபையில் எழுத்தர் பதவியொன்று வாய்த்தது. சபையின் முன் நின்று தகுதியை மெய்ப்பிக்க வேண்டும் என்ற நிலை வந்தபோது, அத்தேர்வை எண்ணியெண்ணி அஞ்சிய கூப்பர் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்தார். செயின்ட் ஆல்பன்ஸ் நகரில் மருத்துவர் நத்தானியேல் காட்டன் நடத்திய இல்லத்தில் அவரைச் சேர்த்தனர். மனநோயாளரைச் சங்கிலியில் பிணைத்து, ஊரார் வேடிக்கை பார்க்க விட்ட காலம் அது. காட்டனோ இரக்கமுடையவர், தாமும் கவிதை எழுதியவர். அவருடைய பராமரிப்பில் கூப்பர் தேறி 1765இல் வெளிவந்தார்.

அதன்பின் ஹண்டிங்டனில் அன்வின் குடும்பத்தார் அவரைத் தம் இல்லத்தில் ஏற்றனர். 1767இல் குடும்பத்தலைவர் குதிரையிலிருந்து விழுந்து இறக்கவே, அவர் மனைவி மேரி அன்வினும் கூப்பரும் ஓல்னி என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தனர். அங்கிருந்த மதகுரு ஜான் நியூட்டனுடன் சேர்ந்து கூப்பர் இயற்றிய பக்திப் பாடல்கள் 1779இல் நூலாயின. ஆனால் நூல் வெளிவருவதற்கு முன்பே, 1773இல், நோய் மீண்டும் தாக்கியது. இறைவன் தம்மை என்றென்றைக்கும் கைவிட்டான் என்னும் எண்ணம் அவருள் வேரூன்றியது. எவருடைய வாதமும் அதனைப் பெயர்க்க இயலவில்லை. இறக்கும் வரை அது அவரை முற்றிலும் விட்டு அகலவும் இல்லை.

வாதம் செய்யாததைச் சிறு வேலைகள் செய்தன. 1774இல் அண்டை வீட்டார் கொடுத்த முயல்குட்டிகளை அவர் வளர்க்கத் தொடங்கினார். அவற்றுள் மூன்றுக்குப் பஸ், டைனி, பெஸ் எனப் பெயரிட்டார். அவற்றுக்குத் தம் கையாலேயே கூடுகள் செய்தார். தச்சு வேலை பழகினார், தோட்டமிட்டு வெள்ளரி விளைவித்தார், படம் வரைந்தார். பஸ் இறந்தபோது அதன் வயது 11 ஆண்டு 11 மாதம் என்று குறித்து வைத்தார். நாளையைக் கண்டு நடுங்கிய ஒருவர், மற்றோர் உயிருக்கு வேளை தவறாமல் இரை வைத்து அத்தனை ஆண்டுகளைக் கடந்திருக்கிறார்.

கவிதையும் இவ்வாறே வந்தது. ஏறத்தாழ ஐம்பதாம் அகவையில், மேரி அன்வினின் தூண்டுதலால் நீண்ட கவிதைகள் எழுதி 1782இல் வெளியிட்டார். அவ்வாண்டே, சோர்ந்திருந்த அவருக்கு லேடி ஆஸ்டின் என்னும் தோழி ஒரு வேடிக்கைக் கதை சொன்னார். இரவெல்லாம் சிரித்த கூப்பர் அதனை ஜான் கில்பின் என்னும் நகைச்சுவைப் பாடலாக்கினார். பிறகு, கவியரங்கில் தலைப்புக் கொடுப்பதைப் போல, சோபாவைப் பற்றிப் பாடும்படி அவ்வம்மையார் கேட்டார். அவ்விளையாட்டிலிருந்து 1785இல் ‘தி டாஸ்க்’ என்னும் பெருங்கவிதை பிறந்தது. அடுத்து நாள்தோறும் வரிகளை அளந்தெழுதி, ஹோமரின் இரு காவியங்களையும் மொழிபெயர்த்து 1791இல் வெளியிட்டார்.

நோய் கவிதையைத் தந்தது என்பார் ஒன்றை நோக்கவேண்டும். 1787இல் நோய் முற்றிய மாதங்களில் ஹோமர் பணி நின்றது, கடிதங்களும் நின்றன. எழுத்து மீண்டது, மனம் சற்றே இளகிய பிறகுதான்.

1791இன் இறுதியில் மேரி பக்கவாதத்தால் தாக்குண்டார். தாங்கியவரைத் தாங்கும் கடமை கூப்பருடையதாயிற்று. அவருடைய அன்றாடம் குலைந்தது. தாய்வழி உறவினரான ஜான் ஜான்சன் 1795இல் இருவரையும் நார்போக்கிற்கு அழைத்துச் சென்றார். 1796இல் மேரி மறைந்தார். இருளில் மூழ்கிய கூப்பரிடம் ஜான்சன் ஹோமரின் திருத்தப் பணியை மெல்ல மெல்லக் கொடுத்து வந்தார். அப்பணி முடிந்த 1799ஆம் ஆண்டிலேயே, கடலில் தவறி விழுந்து மூழ்கும் மாலுமியைப் பற்றிய ‘தி காஸ்ட்அவே’ எழுதப்பட்டது. அவருடைய மிக இருண்ட கவிதை அது. கையைப் பழக்கத்தில் வைத்திருந்த உழைப்புக்குப் பின்னரே அதுவும் வந்தது. 1800 ஏப்ரலில் கிழக்கு டெரெமில் அவர் காலமானார்.

கூப்பர் குணமடைந்தார் என்று சொல்வதற்கில்லை. கடும் மனச்சோர்வு என்று இன்று மருத்துவம் பெயரிட்டுச் சிகிச்சையளிக்கும் நோய்க்கு அன்று மருந்தில்லை. ஆயினும் முதல் வீழ்ச்சிக்குப் பின் முப்பத்தாறு ஆண்டுகள் அவர் வாழ்ந்தார். மருத்துவர் ஒருவரின் கனிவும், மேரியின் துணையும், முயல்களும், ஒரு தோழி தந்த தலைப்பும் அவரைத் தாங்கின. இலக்கிய வட்டங்கள் கவிஞரின் பாட்டைப் போற்றுகின்றன; அது தகும். வழக்கமாக வரும் ஒருவர் சில கூட்டங்களாக வரவில்லையெனில் அவர் வாயிலைத் தட்டிப் பார்ப்பதும், தேவையெனில் மருத்துவரிடம் உடன் செல்வதும், அடுத்த கூட்டத்துக்கு அவரிடம் ஒரு தலைப்பைக் கொடுத்து வருவதும் அதனினும் தகும்.