எண்ணெய் தேடிய மாளவியா
இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. (வேதியியல்)

பெட்ரோல் விலை ஏறினால் அதைப் பற்றிப் பேசாத வீடு இல்லை. ஆனால், அந்த எண்ணெயைப் பூமியின் ஆழத்திலிருந்து வெளிக்கொணரும் தொழிலாளியை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. என் அண்ணனுக்கு ஒரு கடிதம் வரும்வரை நானும் எண்ணியதில்லை.

எங்கள் ஊர் அனுப்பம்பட்டு. தந்தையார் பழவேற்காடு ஏரியில் மீன் பிடிப்பவர். அண்ணன் ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் முடித்தவர். குஜராத்தில் எண்ணெய்க் கிணறு தோண்டுமிடத்தில் ஓராண்டு தொழிற்பழகுநர் பயிற்சிக்கு வரும்படி அவருக்கு அழைப்பு வந்தது. பயிற்சி முடிந்தால் வேலை நிச்சயமா என்று தந்தையார் கேட்டார். நிச்சயமில்லை என்பதே உண்மை. 1961ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டம் உதவித்தொகைக்கு வழி செய்கிறது. வேலைக்கு உறுதி தரவில்லை. தந்தையார் முகம் திருப்பிக்கொண்டார். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன் நான் என்பதால், விளக்கிச் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அதற்காக நூலகத்தில் தேடியபோது அறிமுகமானவரே கேசவ தேவ மாளவியா.

அவர் 1904ஆம் ஆண்டு அலகாபாத்தில் பிறந்தார். கான்பூர் ஹார்கோர்ட் பட்லர் தொழில்நுட்ப நிலையத்தில் பயின்றார். விடுதலைப் போரில் ஈடுபட்டுச் சிறை சென்றார். நாடு விடுதலை பெற்றபின் நேருவின் அரசில் இயற்கை வளத் துறையைக் கவனித்தார். அந்நாளில் நம் நாட்டில் எண்ணெய் கிடைத்த இடம் அஸ்ஸாம் ஒன்றே. மற்ற இடங்களில் தேடுவது வீண்செலவு என்று கருதியோர் பலர். மாளவியா அவ்வாறு கருதவில்லை. 1955இல் எண்ணெய், இயற்கை வாயு இயக்ககம் உருவாயிற்று. 1956 ஆகஸ்டு 14இல் அது ஆணையமாக உயர்ந்தது. டேராடூன் அதன் தலைமையிடமாயிற்று.

பணம் ஒதுக்கினால் எந்திரம் வாங்கிவிடலாம். அதை இயக்கும் கைகளுக்கு எங்கே போவது? சோவியத் நாட்டிலிருந்து வல்லுநர்கள் வந்தனர். நம் இளைஞர்கள் அவர்கள் அருகில் நின்று தொழில் கற்றனர். முதல் முயற்சி இமயமலை அடிவாரத்து ஜ்வாலாமுகியில் நடந்தது. வாணிபத்துக்கு ஏற்ற எண்ணெய் அங்கே கிட்டவில்லை. ஆயினும் முயற்சி நிற்கவில்லை. 1958இல் குஜராத்தின் காம்பேயிலும், 1960இல் அங்கலேஸ்வரிலும் எண்ணெய் கண்டனர். 1962இல் டேராடூனில் ஆராய்ச்சி, பயிற்சி நிலையம் ஒன்றும் அமைந்தது.

அப்பயிற்சியில் கற்பதுதான் என்ன? ஏறத்தாழ 9 மீட்டர் நீளமுள்ள இரும்புக் குழாய்களை ஒன்றோடொன்று முறுக்கிப் பூமிக்குள் இறக்குகின்றனர். கோபுரத்தின் உச்சியருகே இடுப்பில் பாதுகாப்புப் பட்டை கட்டி நின்று, குழாய்களின் தலைப்பைப் பிடித்து ஒழுங்குபடுத்துபவர் டாப்மேன். கீழ்த்தளத்தில் கனத்த இடுக்கிகளால் குழாய்களைப் பூட்டுபவர் ரிக்மேன். கருவியின் முள்ளைப் பார்த்தபடி பிரேக்கைக் கையாள்பவர் டிரில்லர். டீசல் எந்திரம் நின்றால் எல்லோர் வேலையும் நின்றுவிடும். அண்ணனுக்குரிய இடம் அந்த எந்திரத்தருகே.

குழாய் வழியே சேறு ஒன்றைப் பம்பு செய்கின்றனர். அதில் பெண்டோனைட் என்னும் களிமண்ணும், கனம் கூட்டப் பாரைட் தூளும் கலந்திருக்கும். அச்சேறு துளையிடும் முனையைக் குளிர்விக்கிறது. உடைந்த கல்லை மேலே கொண்டுவருகிறது. நிலத்தடி வாயு சீறிவிடாமல் அழுத்திப் பிடிக்கிறது. உள்ளே அனுப்பியதைவிட அதிகமாகச் சேறு திரும்பி வந்தால் ஆபத்து. அதை முதலில் கண்டவர், புதிதாய்ச் சேர்ந்தவராயினும், உடனே குரல் கொடுக்க வேண்டும். நான் படிக்கும் வேதியியல் ஒரு தொழிலாளியின் உயிரைக் காக்கும் என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

மாளவியாவின் வாழ்வு மேடு மட்டும் கண்டதன்று. தேர்தல் நன்கொடை பற்றி எழுந்த சர்ச்சையால் 1963இல் பதவி விலகினார். அவர் போனாலும் கிணறுகள் நிற்கவில்லை. தொழில் கற்ற கைகள் இருந்தன. 1974இல் பெட்ரோலிய அமைச்சராக மீண்டும் வந்தார். 1976இல் பம்பாய் ஹை கடற்பகுதியில் எண்ணெய் உற்பத்தி தொடங்கியபோது அவரே அமைச்சர். 1981இல் மறைந்தார். டேராடூன் நிலையம் இன்று அவர் பெயர் தாங்கி நிற்கிறது.

இவற்றையெல்லாம் ஒரு மாலை, வலையைப் பழுது பார்த்துக்கொண்டிருந்த தந்தையாரிடம் சொன்னேன். அமைச்சர் கதையை அவர் அவ்வளவாகக் கவனிக்கவில்லை. திரும்பி வரும் சேற்றைக் கண்காணிக்கும் பையனைப் பற்றிச் சொன்னபோது மட்டும் ஊசியை நிறுத்தினார். தாம் சிறுவனாகப் படகில் ஏறிய நாளில் தமக்குத் தந்த வேலை தண்ணீர் இறைப்பதுதான் என்றார். அன்று பங்கு உண்டென்று எவரும் வாக்குக் கொடுக்கவில்லையாம். பிறகு எழுந்துபோய், அண்ணன் எந்த ரயிலில் போக வேண்டும் என்று அம்மாவிடம் விசாரித்தார்.

அண்ணன் இப்போது குஜராத்தில் இருக்கிறார். வேலை கிட்டுமா என்பது இன்னும் தெரியாது. ஆனால், கற்ற தொழிலை யாரும் திருப்பி வாங்கிக்கொள்ள முடியாது. நண்பர்களே, பட்டத்தோடு கைத்தொழில் ஒன்றையும் நாம் பழகுவோமாக!