குச்சியில் குருவி கண்ட கிழவர்

ஓவியர் அவனீந்திரநாத் தாகூரின் கதை

மதுரைக்குப் பக்கத்தில் விளாச்சேரி என்ற ஊர் இருக்கிறது. கொலுப் பொம்மைகளுக்குப் பேர் போன ஊர். அங்கே களிமண் கிருஷ்ணன் ஆகிறது. பழைய காகிதம் கூழாகி, செட்டியார் பொம்மை ஆகிறது.

நம் வீடுகளில் பழைய பொம்மையை எளிதில் தூக்கி எறிய மாட்டார்கள். வர்ணம் போன மரப்பாச்சிக்குப் புதுத் துணி கட்டுவார்கள். பாசிமணி மாலை போடுவார்கள். மறுபடியும் கொலுப் படியில் ஏற்றுவார்கள்.

வேண்டாத பொருளிலும் அழகு உண்டு. இதைத் தம் முதுமையில் செய்து காட்டினார், உலகம் அறிந்த ஓவியர் ஒருவர். அவர்தான் அவனீந்திரநாத் தாகூர்.

பெரிய வீட்டுப் பிள்ளை

அவனீந்திரர் 1871-ம் ஆண்டு ஆகஸ்டு 7-ந் தேதி, கல்கத்தாவில் ஜோராசாங்கோ என்ற இடத்தில் பிறந்தார். செல்வம் கொழித்த குடும்பம். மகாகவி ரவீந்திரநாத் தாகூர் அவருக்குச் சிற்றப்பா முறை.

பத்து வயதில் தந்தையை இழந்தார். வளர்ந்ததும் வெள்ளைக்காரர்களிடம் மேல்நாட்டு ஓவியம் கற்றார். ஆனால் அதில் அவர் மனம் நிறையவில்லை.

அப்போது கல்கத்தா கலைப் பள்ளியின் தலைவராக ஹாவல் என்ற ஆங்கிலேயர் வந்தார். முன்பு சென்னைக் கலைப் பள்ளியை நடத்தியவர் அவர். மொகலாயர் காலத்துச் சித்திரங்களின் பெருமையை அவனீந்திரருக்கு எடுத்துச் சொன்னார். அவனீந்திரரின் தூரிகை நம் நாட்டு வழிக்குத் திரும்பியது.

மகளின் மரணம்

கல்கத்தாவில் பிளேக் நோய் பரவியது. அவனீந்திரரின் சிறு மகளை அது கொண்டு போயிற்று. தந்தை துடித்தார்.

அந்தத் துயரம் ஒரு படமாயிற்று. சாகும் தறுவாயில் ஷாஜகான் படுத்திருக்கிறார். காலடியில் மகள் ஜகனாரா. தூரத்தில் தாஜ்மகால். 1902-ல் தீட்டிய அந்தப் படம் டில்லி தர்பார் கண்காட்சியில் வெள்ளிப் பதக்கம் பெற்றது.

1905-ல் அவர் பாரத மாதாவை வரைந்தார். காவி உடை, நான்கு கைகள். ஆயுதம் ஒன்றும் இல்லை. ஏடு, நெற்கதிர், துணி, ஜெபமாலை ஆகியவையே அந்தக் கைகளில் இருந்தன.

அவரிடம் ஓவியம் பயின்றவர்களில் தேவிபிரசாத் ராய் சௌத்ரியும் ஒருவர். சென்னை மெரினாவில் உள்ள உழைப்பாளர் சிலை அவர் செய்ததுதான்.

பாலில் செய்த பொம்மை

ரவீந்திரர் தூண்டியதால் குழந்தைகளுக்குக் கதையும் எழுதினார். 1896-ல் வந்தது 'க்ஷீரேர் புதுல்'. பாலைச் சுண்டக் காய்ச்சிச் செய்த பொம்மை என்று பொருள். அந்தப் பொம்மையை ஷஷ்டி தேவி தின்றுவிடுகிறாள். பதிலுக்கு உயிருள்ள பிள்ளையைக் கொடுக்கிறாள்!

இளமையில் கதையில் செய்த வித்தையை, முதுமையில் அவர் கையாலேயே செய்தார்.

தூரிகையை வைத்தார்

1930-ல் அராபிய இரவுக் கதைகளை வைத்து ஒரு படவரிசை தீட்டினார். அதற்குப் பிறகு, புகழின் உச்சியில் இருந்தவர் படம் தீட்டுவதைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்.

கை மட்டும் சும்மா இருக்கவில்லை. ராமாயணத்தை நாட்டுக்கூத்தாக எழுதினார். பத்திரிகை விளம்பரங்களையும் தீப்பெட்டிப் படங்களையும் வெட்டி, அந்த ஏட்டில் ஒட்டினார். குப்பைக்குப் போக வேண்டிய காகிதம் ராமகதைக்குச் சித்திரம் ஆயிற்று!

தோட்டத்தில் விழுந்த சுள்ளி, வேர், மரத்துண்டு எல்லாவற்றையும் பொறுக்கினார். கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ஒன்றில் பறவையின் மூக்கு தெரியும். ஒன்றில் மிருகத்தின் முதுகு தெரியும். அதிகம் செதுக்க மாட்டார். மரத்தில் ஏற்கெனவே இருக்கும் உருவம் கண்ணுக்குத் தெரியும்படி, சிறிது வெட்டுவார், சிறிது ஒட்டுவார். அவ்வளவுதான்.

இவற்றுக்குக் 'காட்டும்-குட்டும்' என்று பெயர். வங்காளத்தில் குட்டும் என்றால் உறவினர். ஆம், அந்த மரத்துண்டுகள் அவருக்கு உறவினர் ஆயின.

வீடும் போயிற்று

1941-ம் ஆண்டு ஆகஸ்டு 7-ந் தேதி அவனீந்திரருக்கு எழுபது வயது நிறைந்தது. அதே நாளில் ரவீந்திரர் காலமானார்.

குடும்பச் செல்வமும் கரைந்திருந்தது. பிறந்து வளர்ந்த ஜோராசாங்கோ வீடு விற்பனை ஆயிற்று. எழுபது வயதில் பராநகரில் வேறொரு வீட்டுக்குக் குடிபோனார். மறு ஆண்டில், ரவீந்திரர் நிறுவிய விசுவபாரதியின் தலைமைப் பொறுப்பை ஏற்று, சில ஆண்டுகள் வகித்தார்.

மகள் போனாள். சிற்றப்பா போனார். வீடு போயிற்று. ஆனால் கீழே கிடக்கும் குச்சியில் ஒரு குருவியைக் காணும் கண் போகவில்லை. பொம்மை செய்வதை அவர் விடவில்லை.

1951-ம் ஆண்டு டிசம்பர் 5-ந் தேதி அவனீந்திரர் மறைந்தார்.

பொன்னும் பட்டும் இருந்தால்தான் கலை என்பதில்லை. உடைந்த பொம்மையும் உதிர்ந்த மணியும் போதும். குப்பை என்று ஒதுக்கும் முன், ஒரு முறை திருப்பிப் பார்க்க வேண்டும். அவ்வளவே!