மகாராணியின் கையில் ஒரு கொக்கி ஊசி!

இன்ஸ்டாவில் ரெண்டு நிமிஷம் ஸ்க்ரோல் பண்ணினா போதும், யாராவது ஒருத்தர் கலர் கலரா குட்டி குரோஷே மண்டலா பின்னிட்டு இருப்பாங்க. டீ கோஸ்டர், டிரீம் கேட்சர், பையில் தொங்கவிடுற பூ... எல்லாமே நடுவில் ஒரு சின்ன வளையத்தில் ஆரம்பிச்சு, சுத்திச் சுத்தி வளர்றதுதான். இந்தக் கொக்கி ஊசி நம்ம தலைமுறையின் டிரெண்ட்னு நினைச்சா, சாரி! உலகத்தின் கிட்டத்தட்ட கால்வாசி நிலத்தை ஆண்ட ஒரு பாட்டி, கண் மங்கின வயசிலும் இதை விடாம பிடிச்சிருந்தார். அவர் விக்டோரியா மகாராணி.

1819 மே 24, லண்டன் கென்சிங்டன் அரண்மனையில் பிறந்தவர். எட்டு மாதக் குழந்தையா இருந்தப்பவே அப்பா இறந்துட்டார். அரண்மனைக் குழந்தைன்னா ஜாலியா இருந்திருக்கும்னு நினைக்காதீங்க. அம்மாவோட அறையிலேயேதான் தூங்கணும். யாராவது கையைப் பிடிக்காம படிக்கட்டுகூட இறங்கக் கூடாது. விளையாட்டுத் தோழிகள் குறைவு. அதனால் 132 பொம்மைகள்! அதில் பாதிக்கும் மேல குட்டி மரப் பொம்மைகள். அவற்றுக்கு ஆசிரியை லேசன்கூட உட்கார்ந்து தானே சட்டை தைத்தார். ஊசியும் நூலும் அவருக்குப் பழகினது அங்கேதான்.

18 வயசில், 1837-ல் ராணி. 1840-ல் ஆல்பர்ட்டுடன் கல்யாணம். அந்தக் கல்யாண கவுன் ஒரு செம மூவ். மெஷின் லேஸ் வந்து கைவேலைக்காரர்கள் பிழைப்பு படுத்துக்கிடந்த நேரம். தன் உடைக்கான லேஸை இங்கிலாந்தின் டெவன் பகுதியில் கையால் பின்னுற பெண்களிடம் கொடுத்தார். 200-க்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதக்கணக்கில் வேலை. இன்னிக்கு செலிப்ரிட்டிகள் கைத்தறி கட்டிக்கிட்டு போட்டோ போடுறாங்களே, அதோட ஒரிஜினல் வெர்ஷன்.

ஆனா குரோஷேவின் நிஜக் கதை இருக்கிறது அயர்லாந்தில். 1845-ல் உருளைக்கிழங்குப் பயிர் அழுகி, பெரும் பஞ்சம். சுமார் 10 லட்சம் பேர் செத்துப்போனாங்க. அதே அளவு பேர் கப்பல் ஏறினாங்க. அப்போ கன்னியாஸ்திரிகளும் பாதிரியார்களின் மனைவிகளும் அங்கிருந்த பெண்களுக்குக் கொக்கி ஊசி பின்னல் சொல்லிக்கொடுத்தாங்க. முதலீடு ஒரு ஊசி, கொஞ்சம் பருத்தி நூல்; அவ்வளவுதான். அவங்க பின்னின ஐரிஷ் ரோஜாவைப் பார்த்தா, உங்க மண்டலாவின் பாட்டின்னே சொல்லலாம். நடுவில் வளையம், சுற்றி ஆறோ எட்டோ இதழ். அதுக்குப் பின்னாடி கொஞ்சம் பெரிய வளைவுகள், அதன் மேல் அடுத்த அடுக்கு இதழ். வட்டம் தட்டையா உட்காரணும்னா கணக்கு முக்கியம். சாதா சிங்கிள் குரோஷேயில் முதல் சுற்றில் 6 கண்ணி போட்டா, அடுத்து 12, அடுத்து 18னு ஒவ்வொரு சுற்றிலும் 6 கூட்டணும். குறைச்சா கிண்ணம் மாதிரி குழியும். அதிகமானா ஓரம் அப்பளம் மாதிரி நெளியும். பசியில் இருந்த பெண்கள் இந்தக் கணக்கை விரலிலேயே வெச்சிருந்தாங்க.

பஞ்சம் அடங்காத 1849-ல் விக்டோரியா அயர்லாந்துக்குப் போனார். நிவாரணத்துக்குச் சொந்தப் பணம் 2,000 பவுண்டு கொடுத்திருந்தார். ஆனா அந்த நாட்டிலிருந்து தானியம் வெளியே போய்க்கொண்டே இருந்ததை அவருடைய அரசாங்கம் தடுக்கலை. ஐரிஷ் பின்னல் லண்டனில் ஃபேஷன் ஆச்சு. ஏழைகளின் போலி லேஸ்னு மூக்கைச் சுளிச்ச சீமாட்டிகளும் வாங்கினாங்க. ராணியும் குரோஷே பின்னுறார்னா, அப்புறம் யார் கேவலமா பேசுவாங்க?

1861-ல் ஆல்பர்ட் இறந்தார். அதுக்கப்புறம் 40 வருஷம் கறுப்பு உடைதான். வெளியே வர்றதையே குறைச்சுக்கிட்டார்.

1877 ஜனவரி 1-ல் டெல்லியில் பிரமாண்ட தர்பார் நடத்தி அவரை இந்தியாவின் பேரரசின்னு அறிவிச்சாங்க. அதே நேரம் சென்னை மாகாணத்தில் தாது வருஷப் பஞ்சம். ஜனங்க கொத்துக் கொத்தா செத்துக்கிட்டு இருந்தாங்க. அயர்லாந்தில் நடந்தது இங்கேயும்! அவரை அன்பான பாட்டியா மட்டும் பார்க்க நமக்கு மனசு வராது, வரவும் வேண்டாம்.

1899-ல் தென்னாப்பிரிக்காவில் போயர் போர். 80 வயசு ராணிக்கு கண்புரையால் பார்வை ரொம்பவே மங்கிடுச்சு. ஆனா குரோஷேவுக்குக் கண்ணைவிட விரல்தான் முக்கியம். ஒரு நேரத்தில் கொக்கியில் இருப்பது ஒண்ணு ரெண்டு கண்ணிதான், தடவிப் பார்த்தே பின்னலாம். காக்கி நிற உல்லன் நூலில் எட்டு ஸ்கார்ஃப் பின்னினார். ஒவ்வொண்ணும் சுமார் ஐந்தடி நீளம், மூலையில் அவருடைய முதலெழுத்துகள். நாலு பிரிட்டிஷ் வீரர்களுக்கு. மீதி கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கப் படைகளில் ஆளுக்கொண்ணு.

கனடா ஸ்கார்ஃப் யாருக்குப் போச்சு தெரியுமா? ரிச்சர்ட் ரோலண்ட் தாம்சன். காயம்பட்ட ஒருத்தரின் கழுத்து நரம்பை ஏழு மணி நேரத்துக்கும் மேல அழுத்திப் பிடிச்சே உயிரைக் காப்பாத்தினவர். கனடா படைதான், ஆனா பிறந்தது அயர்லாந்தின் கார்க்கில். பஞ்ச காலத்தில் பெண்கள் குரோஷே பின்னிப் பிழைச்ச அதே ஊர்!

அந்தப் போரே ராணியின் பேரன் கிறிஸ்டியன் விக்டரையும் 1900 அக்டோபரில் காய்ச்சலுக்குப் பலி வாங்கியது. மூணு மாசத்தில், 1901 ஜனவரி 22-ல் ராணியும் போய்ச்சேர்ந்தார்.

தாம்சனின் ஸ்கார்ஃப் ஒட்டாவா போர் அருங்காட்சியகத்தில் இருக்கு. ஆஸ்திரேலியாக்காரருடையது கான்பெராவில்.